கால் ஊன்றுகிற அளவு

தம்பி,

அண்ணன் சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றி அனுப்புகிறேன் என்று போனில் சொன்னேன் இல்லையா, அனுப்பப் போவதில்லை. பக்கத்து வீட்டுப் போனில் பேசும்போது அந்த வீட்டுக்காரி காய் நறுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் அழுதுவைக்கக் கூடாது என்றுதான் ‘சரிடா, அனுப்பறேன்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் போய் நின்று ஒவ்வொரு பஸ்ஸின் தலையையும் அண்ணாந்து பார்த்து ஏமாந்திருப்பாய். என்னைத் திட்டியும் இருப்பாய். திட்டிக்கொள். ஆனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அது எனக்குத் தெரியும்.

பெரிய முதலியார்சாவடியில் அறை எடுத்திருக்கிறாய், வேலைக்குப் போகிற நேரத்துக்குப் பஸ் இல்லை, சைக்கிள் வேண்டும். கூட வேலை செய்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமையானால் ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறார்கள், அவர்களோடு நீயும் போகவேண்டும். இதெல்லாம் நியாயம்தான். நான் ஒன்றும் உன்னை வீட்டில் பூட்டிவைக்கிற அம்மா இல்லை. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய் பார், “அண்ணன் ஓட்டுனத நான் ஓட்டுறேம்மா, அது சும்மாத்தானே கெடக்குது” என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. நேற்று ஒருத்தியின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

நீ பிறந்ததிலிருந்து அண்ணனுடையதைத்தான் போட்டாய். அவன் சட்டையைப் பிரித்து, வெட்டி, உனக்குத் தைத்தேன். அவன் கால்சட்டையின் அடியைக் கத்தரித்து உனக்கு மடித்து அடித்தேன். நீ அவனைவிட எப்போதும் ஒரு பிடி குள்ளம், அதனால் எனக்கு வேலை சுலபம். துணிக்கு அது சரிப்பட்டது. செருப்புக்குச் சரிப்பட்டதா? கோயில் திருவிழாத் தேர் அன்று அவனுடைய செருப்பை உனக்கு மாட்டி, முன்பக்கத்தில் கந்தல் துணியை வைத்து அடைத்து அனுப்பினேன். தேர் திரும்பி வரும்போது நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தாய். குதிகால் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. தேய்த்துத் தேய்த்து நடந்தால் செருப்பு வீணாய்ப் போகுமே என்று அப்போதும் உன்னைத்தான் திட்டினேன். சில சாமான்களை வெட்டிச் சின்னதாக்க முடியாது என்று அன்றே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

நான் தையல்காரி. இந்த மரக்காணத்தில் ஜூன் மாதம் வந்தால் என் மிஷின் நிற்காது. யூனிஃபார்ம் துணியை எடுத்துக்கொண்டு வருகிற ஒவ்வொரு அம்மாவும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “பெருசாவே தைச்சிடுக்கா, வளர்ற புள்ள.” உப்பளத்தில் வேலை செய்கிறவள் சொல்வாள், மீன் விற்கிறவள் சொல்வாள், டீச்சர் அம்மாவும் சொல்வாள். நானும் அளவு எடுத்த கையோடு, யாரும் கேட்காமலேயே, தோளில் கொஞ்சம், நீளத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். தையலுக்கு உள்ளே துணி விட்டுத் தைப்பேன், அடுத்த வருஷம் பிரித்துவிட. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பார்த்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அப்பன் சட்டையைத் திருடிப் போட்ட மாதிரிதான் போகும். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், பெருமையாகவும் இருக்கும். பெரிதாக வாங்கினால் நாளைக்கும் ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சுனாமி அலை வந்து போன பிறகு, கடலோரக் குப்பங்களில் வீடு கட்ட வந்தவர்களிடம் உன் அண்ணனுக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். அவர்களோடு சுற்றும்போதுதான் அந்த வளைந்த ஹேண்டில் பார் சைக்கிள்களைப் பார்த்து மயங்கினான். சாப்பிடும்போதும் அதே பேச்சு. ஊருக்குத் திரும்பிப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போகிற பழைய சைக்கிள்கள் குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் கிடைக்கும் என்று கேட்டு வந்தான். “நீயும் வாம்மா, உனக்குத்தான் பார்த்து வாங்கத் தெரியும்” என்றான். பெரிய பிள்ளை அப்படிக் கூப்பிட்டால் எந்த அம்மாவுக்குத்தான் தலைகால் புரியும்? நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடையில் கையிலிருந்த பணத்துக்குத் தோதாக இரண்டு சைக்கிள் இருந்தது. ஒன்று சின்னது, பெயிண்ட் உரிந்து பார்க்கப் பஞ்சத்தில் அடிபட்டது போல இருந்தது. இன்னொன்று அந்த நீலச் சைக்கிள். இரண்டிலும் ஏறிப் பார்த்தான். சின்னதை ஓட்டிவிட்டு வந்து, “இதுதாம்மா கைக்கு வாகா இருக்குது” என்றான். நீலத்தில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், “வளர்ற புள்ளடா நீ, பெருசாவே எடு. சின்னத எடுத்துட்டு அடுத்த வருஷம் முட்டி இடிக்குதுன்னு நிப்ப” என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அம்மா சொல்றதும் சரிதான் என்றார். வியாபாரி வேறு என்ன சொல்வார். உன் அண்ணனுக்கு அப்போது மீசை முளைத்து, தினமும் சவரம் செய்கிற வயசு. பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு அவனுடைய பேண்ட் அடியை நான் ஒரு தடவைகூடப் பிரித்துவிடவில்லை. அவன் வளர்ந்து முடித்துவிட்டான் என்று என் கைக்குத் தெரியும், என் வாய்க்குத் தெரியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நீயும் பார்த்ததுதான், ஆனால் அதற்கு அர்த்தம் நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கை மரத்துப் போகிறது என்றான், தைலம் தேய்த்துவிட்டேன். கழுத்து வலிக்கிறது என்றான், தலையணையை மாற்றினேன். கீழே வளைந்திருக்கிற பிடிக்கு அவன் கை போகவே போகாது. எட்டி எட்டிப் பார்த்துவிட்டு மேலே நேராக இருக்கிற கம்பியையே பிடித்துக்கொண்டு ஓட்டுவான். பிரேக் இருப்பதோ வளைவில். சீட்டையாவது கீழே இறக்கலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் தேங்காய் எண்ணெய் ஊற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டிப் பார்த்தீர்கள். நம் ஊர் உப்புக் காற்று சும்மா விடுமா? முன்னால் ஓட்டியவன் எந்த உயரத்தில் வைத்திருந்தானோ அங்கேயே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. “பழகிடும்டா, புதுசுல எல்லாம் அப்படித்தான் இருக்கும்” என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்கிற அதே பேச்சு.

அவன் போன அன்று ஊரே சொன்னது, ரேஸ் சைக்கிள், வேகமாகப் போய்ப் பஸ்ஸில் மாட்டியிருப்பான் என்று. கல்லறைக்கு வந்தவர்கள்கூடப் பின்னால் நின்று அதைத்தான் பேசினார்கள். உன் அப்பாவும் நம்பினார். நானும் நம்பினேன். நம்புவதற்குச் சுலபமாக இருந்தது. அவனுக்குப் போடுவதற்கு ரெடிமேட் வாங்கி வருகிறேன் என்று உன் சித்தப்பா கிளம்பியபோது நான் விடவில்லை. வீட்டில் இருந்த வெள்ளைத் துணியை எடுத்து மிஷினில் உட்கார்ந்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள், நீயும் கதவோரம் நின்று பயந்துபோய்ப் பார்த்தாய். கொடியில் கிடந்த அவனுடைய பேண்டை வைத்து அளந்து வெட்டினேன். அடி மடிக்கும்போது பார்த்தேன், என் கை வழக்கம்போல உள்ளே துணி விட்டிருந்தது. கத்தரியை எடுத்து அதை வெட்டிப் போட்டேன். அவன் போட்டுக்கொண்டதிலேயே அளவாகத் தைத்தது அது ஒன்றுதான்.

மண்ணுக்குள் வைத்துச் சில நாள் கழித்து அந்த பஸ் டிரைவர் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது பால் வாங்கப் போயிருந்தாய், அதனால் உனக்கு இது தெரியாது. உன் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மனுஷன் வாசற்படியைத் தாண்டவில்லை, தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தாரோ, தன் பக்கத்தைச் சொல்ல வந்தாரோ, எனக்குத் தெரியாது. மெதுவாகச் சொன்னார்: “வேகமெல்லாம் இல்லம்மா. ஹாரன் அடிச்சேன், தம்பி ஓரமா ஒதுங்கி நின்னுட்டாரு. நின்னப்புறம்தான் சாஞ்சாரு.” எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது காலை ஊன்றப் பார்த்தான், தார் முடிந்து மண் பள்ளமாக இருக்கிற இடம், கால் எட்டவில்லை, திடுக்கிட்டு இந்தப் பக்கம் இழுத்தான், வலது பக்கமாக ரோட்டில் விழுந்தான், பஸ்ஸின் பின்சக்கரம் இன்னும் அவனைத் தாண்டியிருக்கவில்லை என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே டேப்பை எடுத்துக்கொண்டு அந்தச் சைக்கிளிடம் போனேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது வந்தபடி பின்பக்கம் சாய்த்து வைத்திருந்தது. ஹேண்டில் பாரில் சுற்றியிருந்த நாடா கிழிந்ததைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தரையிலிருந்து குறுக்குக் கம்பி வரை அளந்தேன். அவனுடைய பேண்டின் உள்பக்க நீளம் எனக்கு மனப்பாடம், அளக்கவே வேண்டாம். கம்பி அவன் கவட்டைவிட மூன்று விரல் உயரத்தில் இருந்தது. சமமான தரையிலேயே அவன் ஒரு பக்கம் சாய்ந்து நுனிக்காலில்தான் நின்றிருக்க முடியும். பள்ளத்தில் எங்கே நிற்பான்? உன் அப்பாவிடம் சொன்னேன். அதைக் கழுவெளிச் சதுப்பில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்று நான் குறுக்கே நின்றேன். சைக்கிள் என்ன செய்யும், அது யாரையும் வா என்று கூப்பிடவில்லையே.

அந்தச் சைக்கிளைத்தான் நீ கேட்கிறாய். அவனுக்கே எட்டாதது, அவனைவிடக் குள்ளமான உனக்கு எங்கே எட்டும்? அண்ணன் ஓட்டியது என்கிறாய். அவன் ஓட்டவில்லைடா. அதில் தொங்கிக்கொண்டு போனான்.

இப்போது சைக்கிள் பற்றிச் சொல்கிறேன், கேள். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பி.டி. மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது. ஆள் தென்னை மரம். எந்த ரெடிமேட் பேண்டும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது என்று அடியைப் பிரித்துவிடச் சொல்லி வந்தார். துணியைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் சைக்கிளைப் பார்த்துவிட்டார். காலேஜில் ரேஸ் ஓட்டியவராம். விலைக்கா என்று கேட்டார். இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். பிறகு என்னவோ தோன்றி, ஒருத்தனுக்கு இது சரியா தப்பா என்று எப்படி சார் பார்ப்பது என்று கேட்டேன். நின்றுகொண்டே நிறைய நேரம் சொன்னார்.

உன் உயரத்தைச் சொல்லிச் சைக்கிள் கேட்காதே. ஒரே உயரத்தில் இருக்கிற இரண்டு பேருக்குக் கால் நீளம் ஒன்றாக இருக்காது, இது எந்தத் தையல்காரிக்கும் தெரியும். வெறுங்காலோடு சுவரில் முதுகு படிய நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைக்கு நடுவில் மேலே முட்டுகிற வரை ஏற்றிப் பிடித்துக்கொள், தரையிலிருந்து அந்தப் புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்துகொள். அந்த அளவுக்குத்தான் கடைக்காரர் சைக்கிள் காட்டவேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடியே பாதம் தரையில் படியவேண்டும் என்று நினைக்காதே, நானும் அப்படித்தான் நினைத்தேன். ரேஸ் சைக்கிளில் சீட் உயரமாகத்தான் இருக்கும். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, குறுக்குக் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து நிற்கவேண்டும். அப்படி நின்றால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் இருந்து, கம்பிக்கும் உனக்கும் நடுவில் இரண்டு விரலாவது போகவேண்டும். போகவில்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அதற்குப் பிறகு கை. ஏறி ஓட்டிப் பார். பிரேக் மேல் கையை வைக்கும்போது முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கவேண்டும். விறைத்துக்கொண்டு நீட்டினால் அது உனக்கு நீளம். உட்கார்ந்த இடத்திலிருந்து பிரேக்கை இரண்டு விரலால் இழுக்க முடியவேண்டும், அதற்காக உடம்பை முன்னால் தள்ளக் கூடாது. சின்ன சைக்கிளாக இருந்தால் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம், பெரிதை இறக்க ஒரு எல்லை இருக்கிறது என்று மாஸ்டர் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடு.

பழைய சைக்கிள் என்பதால் இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும். கடைக்காரரை விட்டு உன் கண்முன்னால் சீட் கம்பியைக் கழற்றி மாட்டச் சொல். ஹேண்டில் கம்பியையும் அசைக்கச் சொல். அசையாவிட்டால் வந்துவிடு, எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம் என்று எவன் சொன்னாலும் கேட்காதே. கம்பிகள் சேருகிற மூலைகளில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவு, துணியில் நூல் விட்டிருக்கிறதா என்று நான் தடவுகிற மாதிரி. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் பிரேக் கட்டையில் உரசாமல் ஓடவேண்டும். நீலம் சிவப்பெல்லாம் பார்க்காதே. கூட யாரையாவது கூட்டிப்போ, ஆனால் என்னைக் கூட்டிப்போகாதே. நான் வந்தால் ஏதாவது சொல்லிவைப்பேன்.

நம் வீட்டில் முதல் தடவையாக உனக்கென்று அளந்து ஒரு பொருள் வாங்கப் போகிறாய். அதற்குச் சைக்கிள் விற்ற பணம் வருகிறது. ஆமாம், விற்றுவிட்டேன். உன்னைக் கேட்காமல் விற்றது தப்பென்றால் தப்புதான். நீ ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாஸ்டர் பேண்டை வாங்க வந்த அன்றுதான் அது நடந்தது. அவரிடம் எதையும் மறைக்கவில்லை. என் மகன் இதிலிருந்து விழுந்துதான் போனான் என்று சொன்னேன். அவர் குனிந்து குறுக்குக் கம்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு, அளவு சரியாக இருந்தால் இது நல்ல வண்டிங்க அம்மா என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று உன் அப்பா இன்னும் கேட்கிறார். எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு ஏறினார். சுவரைப் பிடிக்கவில்லை. இறுகிப்போன அந்த சீட் இருந்த உயரத்திலேயே அவருக்குச் சரியாக இருந்தது. குனிந்து கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டு உப்பளம் போகிற ரோட்டில் போய் மறைந்தார். நான் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது எதிரே உப்பு லாரி ஒன்று வந்தது. அவர் ஓரத்தில் ஒதுங்கி, பிரேக்கைப் பிடித்து, சீட்டை விட்டு இறங்கி நின்றார். நம் தெருமுனையில் தார் முடிகிற பள்ளத்தில் ஒரு கால், மேலே ஒரு கால். இரண்டும் ஊன்றியிருந்தது. லாரி அவரை உரசுகிற மாதிரி தாண்டிப் போயிற்று. சைக்கிள் ஆடக்கூட இல்லை.

அந்தச் சைக்கிளில் ஒரு குறையும் இல்லை, தம்பி.

அம்மா